முதல் பக்கம், இரண்டாவது பாட்டு

அந்த ரிக்கார்டின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஒருத்தன் மெட்ராசுக்குப் போய் வாங்கிவந்து, இது என் பாட்டு என்பான். ஏற்கெனவே ஒருத்தன் அப்படிச் சொன்னவன்தான். அவன் வேறு யாருமில்லை, என் பெண்டாட்டி ரேணுகாம்பாளின் கூடப்பிறந்த தம்பி அருணகிரி. அவனை நான் எப்படிப் பழிவாங்கினேன் என்று சொல்கிறேன். சரியா தப்பா என்று யாரும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

என் பெயர் வேணு. திருவண்ணாமலை தேரடித் தெருவில் மைக்செட் கடை. எழுபத்திரண்டில் ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் ஒரு அமெரிக்காக்காரப் பையன் தங்கியிருந்தான். அவனுடைய ரிக்கார்டு பிளேயர் சுற்றாமல் நின்றுபோய் என்னிடம் கொண்டுவந்தான். பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். ஊருக்குப் போகிற அன்றைக்கு என்னைத் தேடிவந்து ஒரு ரிக்கார்டைக் கையில் கொடுத்து, நெஞ்சில் கைவைத்துக் காட்டிவிட்டுப் போனான். அட்டையில் கோட்டுப் போட்ட கறுப்பு மனுஷர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதுகிறார். அறுபத்தைந்தில் போட்ட ரிக்கார்டு என்று பின்னட்டையில் இருந்தது.

எட்டுப் பாட்டு. எட்டிலும் வாய்ப்பாட்டு இல்லை, ஊதுகிறது மட்டும்தான். எட்டும் நன்றாக இருக்கும், ஆனால் முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு இருக்கிறதே, அது வேறு ஜாதி. மெதுவாக, யாரோ நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆரம்பிக்கும். நாதஸ்வரக்காரர் சின்னசாமி ஒருநாள் கடையில் நின்று முழுசாகக் கேட்டார். "யோவ் வேணு, இந்த ஆளு மூச்சு எங்க வாங்குறான்னே தெரியலயே"ன்னார். திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

என் மகள் வேதாவுக்கு அப்போது ஆறு வயது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பாட்டைத்தான் கேட்பாள். ஒருநாள் தானே போடுகிறேன் என்று ஊசியைத் தூக்கி, கை தவறி, இரண்டாவது பாட்டின் தொடக்கத்திலேயே போட்டுவிட்டாள். கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஆரம்பிக்கும் முன்னே டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம் வரும். குழந்தை அழுதது. "அழாதடி. உன் கல்யாணத்துல இதான் முதல் பாட்டு. அப்பாவே போடுறேன்"னு சொல்லித் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் அதை மறக்கவே இல்லை. வருஷத்துக்கு நாலு தரமாவது, "அப்பா, என் பாட்டு பத்திரமா இருக்குதா?" என்று கேட்பாள்.

கல்யாண வீடுகளில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்காரும்போது அதைப் போட ஆரம்பித்தேன். புரியாத பாட்டுத்தான், ஆனால் கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும். "வேணு, அந்த ஊதுற பாட்டைப் போடுப்பா" என்று பெரியவர்களே கேட்பார்கள்.

எழுபத்தாறில் எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் பாயோடு கிடந்தேன். என்னோடு கூட்டாகத் தொழில் பார்த்த அருணகிரி அந்த மாதத்தில் தனியாகப் பிரிந்து, போளூர் ரோட்டில் அருணகிரி சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டிவிட்டான். பிரிந்தது கூடப் பரவாயில்லை. போகிறவன் ரிக்கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எழுந்து நடக்க முடிந்ததும் நேராக அவன் கடைக்குத்தான் போனேன்.

"ரிக்கார்டைக் குடுறா."

"எந்த ரிக்கார்டு மாமா? அதுல உன் பேரு எழுதியிருக்குதா?"

இவ்வளவுதான் சொன்னான். கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஐந்து வருஷம், ஊரில் முகூர்த்த நாள் வந்தாலே எனக்கு வயிறு எரியும். எங்கேயாவது ஒரு சத்திரத்து ஸ்பீக்கர் குழாயிலிருந்து டிக், டிக், டிக் என்று கேட்கும். என் ரிக்கார்டு, என் மகள் போட்ட கீறல், அவன் சம்பாத்தியம். "அருணகிரி பாட்டு" என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. ரேணுகாம்பாள், "போனாப் போவுது, கம்முனு கிட. தம்பிதானே" என்பாள். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோவேன்.

எண்பத்தொன்றில் செங்கம் ரோட்டு டீக்கடை ஒன்றில் ஒரு ஜெர்மன்காரப் பெண் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து வந்தது அதே பாட்டு. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். பதினாறு வருஷத்துப் பழைய பாட்டை எங்கேயோ பிறந்த பெண் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறாள். கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கேசட்டிலிருந்து ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே ஒரு கல்யாணத்தில் போட்டேன். பந்தலில் ஒருத்தன் சத்தமாகச் சொன்னான்: "பாருடா, அருணகிரி பாட்டை வேணு காப்பி அடிச்சுட்டான்."

என் பாட்டை நான் காப்பி அடித்தேனாம். அன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்த கொதி, அவன் கடையைக் கொளுத்திவிட்டு ஜெயிலுக்குப் போனால்தான் என்ன என்று தோன்றியது.

அதற்கு அடுத்த வாரம் பே கோபுரத் தெருவில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இறந்துபோனார். சாவு வீட்டுக்கும் நாங்கள்தானே மைக்செட் கட்ட வேண்டும். எப்போதும் போடுகிற கேசட் சிக்கிக்கொண்டது. பையில் கிடந்த இந்தக் கேசட்டைப் போட்டேன். போட்ட இரண்டாவது நிமிஷம், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த வாத்தியார் சம்சாரம் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். தெருவே அழுதது. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றபடியே அருணகிரியை நினைத்துக்கொண்டேன். இதுதான் வழி என்று பட்டது.

அன்றிலிருந்து இரண்டு வருஷம், ஊரில் யார் செத்தாலும் முதலில் போய் நிற்பது நான்தான். கூப்பிடாத வீட்டிலும் குழாய் கட்டினேன். காலையிலிருந்து பிணம் எடுக்கிறவரை அதே பாட்டு. முடிந்ததும் திரும்பப் போடுவேன். சுடுகாட்டு வழியில் சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டும் போனேன்.

வேதா மட்டும் ஒருநாள் வந்து எதிரில் நின்றாள். பதினாறு வயசு, என் கோபம் அப்படியே அவளுக்கும். "அதைச் சாவு வீட்டுல போடாதப்பா. அது என் பாட்டு."

"உன் பாட்டை உன் மாமன் தின்னுட்டான். அவன் வாயிலேர்ந்து புடுங்கிட்டு அப்புறம் உனக்குத் தரேன்"னேன்.

எண்பத்து மூன்று ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு பெரிய கல்யாணம். அருணகிரிதான் மைக்செட். உறவு முறையில் நானும் சாப்பிடப் போயிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். டிக், டிக், டிக். பாட்டு ஆரம்பித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா வெள்ளையம்மாள். நாலு மாசத்துக்கு முன்னே அவர் புருஷனைத் தூக்கியபோது பாட்டுப் போட்டவன் நான். அந்த அம்மாள் சட்டென்று மார்பில் அடித்துக்கொண்டு, "என்னெப் பெத்த ராசா, என்னெ வுட்டுட்டுப் போனியே" என்று ஒப்பாரி எடுத்துவிட்டார். கல்யாணப் பந்தலில். தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"சாவுப் பாட்டை எவன்டா போட்டான்?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். அருணகிரியின் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். குழாயைப் பிடுங்கித் தெருவில் போட்டார்கள். நான் இலையில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மாதிரி ருசியான பாயசத்தை நான் பிற்பாடு சாப்பிடவே இல்லை.

அதோடு அவன் கதை முடிந்தது. கல்யாணக்காரன் ஒருத்தனும் அவனைக் கூப்பிடவில்லை. ஆறே மாதத்தில் போர்டைக் கழற்றிவிட்டு அரிசி மண்டியில் மூட்டை எண்ணப் போனான். ரேணுகாம்பாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

எண்பத்தைந்து தையில் வேதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே கீழ்பென்னாத்தூர்தான், வெள்ளையம்மாளுக்கு உறவு. பெண்ணைப் பெற்றவன் மைக்செட்டிடம் நிற்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

தாய்மாமன் சீர் வர வேண்டும். மாமன் யார், அருணகிரிதான். வர மாட்டான் என்று நினைத்தேன். வந்தான். மேளம் முன்னே வர, வேட்டி துண்டு வைத்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாலு பெண்கள் பின்னே வந்தார்கள். முதல் தட்டை அவனே எடுத்துவந்தான். புடவை, தேங்காய், மஞ்சள். அதன்மேல் அந்த ரிக்கார்டு. கோட்டுப் போட்ட மனுஷர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"உன் பொருளு மாமா. வேதா கல்யாணத்துக்குத் தரணும்னுதான் பத்திரமா வெச்சிருந்தேன். போடு."

அவன் சிரித்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை. சீர் வரிசையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சபையே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மணவறையிலிருந்து வேதா அட்டையைப் பார்த்துவிட்டாள். பதின்மூன்று வருஷமாகக் கேட்ட முகம் அது. அவள் கண் என்னிடமே இருந்தது. நான் ரிக்கார்டை உறையிலிருந்து எடுத்தேன். துடைத்தேன். வைத்தேன். ஊசியைத் தூக்கி இரண்டாவது பாட்டில் இறக்கினேன்.

டிக். டிக். டிக்.

மாப்பிள்ளை வீட்டு வரிசையில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது டிக் முடிந்து முதல் ஊதல் எழுந்ததும் அவர் கை மார்புக்குப் போயிற்று. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் அவர் வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியைப் பின்னே தள்ளினார். நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டேன்.

"ஏன் மாமா நிறுத்திட்டே?" என்று அருணகிரி பக்கத்தில் வந்து கேட்டான். இந்தத் தரம் மெல்லச் சிரித்தான். அவனை அறையக் கை எழவில்லை. அந்தப் பாட்டைக் கெடுத்தவன் அவன் இல்லை.

சாயங்காலம் வேன் புறப்படும்போது வேதா காலில் விழுந்து எழுந்தாள். அழவில்லை. காதோரம் குனிந்து, மற்றவர் கேட்காதபடி சொன்னாள்:

"நல்லா பழி வாங்கினேப்பா. இனிமே எனக்கு அந்தப் பாட்டை எப்ப போடுவே, சொல்லு."

அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: பிணம் எடுக்கிற அன்றைக்கு. அந்தப் பதிலை உண்டாக்கியவனும் நான்தான். பெற்ற அப்பன் மகளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? வேன் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் போய்விட்டது.