பிற்காலச் சேர்க்கை

1

இந்தக் கதை ஒரு சட்டப் புத்தகத்தில் பிறந்தது. பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம். தூணுக்குக் காவல் உண்டு, சுவருக்குக் காவல் உண்டு. உள்ளே யாருக்காகவோ காத்திருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த எரிச்சலில் கன்னியம்மாவை உண்டாக்கினேன். ராயபுரம், 1952.

முதல் வரி: 'கடல் அன்று சாம்பல் நிறத்தில்—'

(வேண்டாம். அவளுக்குக் கடல்மேல் கோபம்.)

2

அவள் புருஷன் ஜெயவேல் ஜப்பான் சண்டைக்கு முன்பே ரங்கூனுக்குக் கப்பலேறியவன். "இந்த வூட்லயே இரு, வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கும்பினிக் காலத்துக் கேப்டன் ஒருவன் கட்டிய பங்களா அது. அதன் பின்சுவரில் ஒட்டிய ஓட்டு அறையில் அவள் காத்திருக்கிறாள். பங்களாவை இடித்துக் கிடங்கு கட்ட உரிமையாளர் துடித்துக்கொண்டிருந்தார்.

(இவ்வளவு காலமா காத்திருப்பாள்? சந்தேகப்பட்டு, வேறு கல்யாணம் செய்துவைத்துப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.)

3

ஒருநாள் அரசாங்க ஆள் வாசலில் பலகை அடித்துவிட்டுப் போனான். மூலைக்கடை தங்கபுஷ்பம் அதை உரக்கப் படித்தாள்: "பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்."

"சின்னமா? எலெக்சனுதான் முட்ஞ்சி பூட்ச்சே. இது யாரு சின்னம்க்கா?"

"ஓட்டுச் சின்னம் இல்லட்டி. இனிமே இந்த வீட்டை ஒருத்தனும் இடிக்க முடியாது. சட்டம்."

கன்னியம்மா பலகையைத் தொட்டுக் கும்பிட்டாள். சந்தோஷத்தில் அழுதாள். இங்கேயே முடித்திருந்தால் நான் நல்லவன்.

4

அதிகாரி வந்து தூண்களை அளந்தார். பின்பக்கம் வந்ததும் முகம் சுளித்தார்.

"இந்த ரூம் பிற்காலச் சேர்க்கை.* எடுத்துடணும். ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடும்மா."

ஆட்சேபித்தால் பலகையையே கழற்றிவிடுவார்களோ என்று அவள் பயந்தாள்.

"அவுரு திரும்பி வரசொல்ல வூடு நிக்கணும் சாமி. நான் பூட்றேன். ஆனா பலகைக்குக் கீய ஒரு வரி போடு: கன்னியம்மா புளியந்தோப்புல, அவ அக்கா கெங்கம்மா வூட்ல கீறான்னு."

"அதுல வேற எதுவும் எழுதக்கூடாதும்மா. குற்றம்."

* அதிகாரியின் சொல். நன்றாயிருந்ததால் தலைப்புக்குத் திருடிக்கொண்டேன்.

5

ஒரு முடிவில் ஜெயவேல் வருகிறான். வீடு அப்படியே நிற்கிறது. பின்பக்கம் ஓடுகிறான், தட்டுவதற்குக் கதவு—

(எழுத முடியவில்லை.)

இன்னொரு முடிவில் அவன் வரவேயில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூட்டை கட்டியாகிவிட்டது. பலகைக்கு முன்னால் கரித்துண்டோடு நிற்கிறாள். தங்கபுஷ்பம் ஊருக்குப் போயிருக்கிறாள். நானோ சட்டத்துக்குப் பயந்தவன். கன்னியம்மா கரித்துண்டை உங்கள் பக்கம் நீட்டுகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.