வாய் பிளந்த ஏழு

கொலீன் நீட்டிய கண்காட்சி அழைப்பிதழை மாவு படிந்த விரல்களால் வாங்கிய ஸெனியாவின் முகம், அதில் அச்சாகியிருந்த ஓவியத்தைப் பார்த்ததும் சுருங்கிப்போயிற்று. ஒரு வெள்ளைத் தட்டு, அதில் ஏழு பெரொகி. ஏழும் கொதிநீரில் வாய் பிளந்து, உள்ளிருந்த உருளைக்கிழங்கு வெளியே பிதுங்கியவை.

"இருபத்தாறு வருஷமா உடைஞ்சது ஒண்ணுகூட இந்தக் கதவைத் தாண்டிப் போனதில்ல, கொலீன். நீ அதைச் சுவர்ல மாட்டி ஊரையே கூப்பிடுறே" என்றாள். குரலை உயர்த்தவில்லை.  கொலீன் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை போகவில்லை. போக முகம் இல்லை.

கனடாவில், வினிபெக் நகரின் வடபக்கத்தில் அந்த உக்ரேனியத் தேவாலயத்துக் கூரை எப்போதும் ஒழுகும். அதைச் சரிசெய்யத்தான் சபையின் ஏழு பெண்கள் வெள்ளிதோறும் கீழ்த்தளத்தில் கூடிப் பெரொகி செய்து விற்பார்கள். நம் சோமாசி மாதிரிதான். மடித்து, விளிம்பைக் கிள்ளி ஒட்டி, வெந்நீரில் போடுவார்கள். முழுசாக மிதந்து வந்தவை விற்பனைக்கு. உடைந்தவை, வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் சேர்த்து, வேலை செய்தவர்களின் மதியச் சாப்பாடு.

கொலீன் அந்தச் சபையும் இல்லை, உக்ரேனியக்காரியும் இல்லை. புருஷன் இறந்த குளிர்காலத்தில் ஒரு டஜன் வாங்க வந்தவள், ஒருத்திக்கு எதற்கு ஒரு டஜன் என்று தோன்றியதும் வரிசையில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டாள். ஸெனியா வந்து முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். யார், என்ன, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. உடைந்தவற்றை ஒரு தட்டில் வைத்து, உப்பு சரியா இருக்கா பார் என்றாள், அவ்வளவுதான். அன்று கொலீன் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த வெள்ளியும் போனாள், அதற்கடுத்ததும். ஒரு வருஷமாகத் தொடாத தூரிகையை மறுபடி எடுத்தாள். நன்றி என்று வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, நாலு மாதம் உட்கார்ந்து அந்தத் தட்டை வரைந்தாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையலாமே என்று மட்டும் அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

கண்காட்சி ஞாயிறு மதியம் திறந்தது. வந்தவர்கள் ஓவியத்தைப் பாராட்டியது எதுவும் கொலீனின் காதில் ஏறவில்லை. அந்த மேஜையில் தன் நாற்காலி போய்விட்டதே என்பதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அப்போது தேவாலயத்து வேன் வந்து நின்றது. நல்ல கோட்டுகளைப் போட்டுக்கொண்டு ஏழு பேரும் இறங்கினார்கள். சிற்பமென்று வைத்திருந்த நசுக்கிய தகரக் குவியல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு நேராக இந்த ஓவியத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

முதலில் சிரித்தது ஒரிசியா. "இந்தத் தடி விளிம்பு என்னோடதுடீ" என்றாள். முறுக்கிவிட்ட விளிம்பு தன்னுடையது என்றாள் மாருஷா. விரலை நீட்டி நீட்டி ஆறு பேரும் தங்கள் தங்கள் கிள்ளலைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஸெனியா மட்டும் விரலை நீட்டவில்லை.

கொலீன் அவள் பக்கத்தில் போய் நின்றாள். "கேட்டுட்டு வரைஞ்சிருக்கணும், தப்புதான். மன்னிச்சுடுங்க, ஸெனியா. நீங்க வச்ச அந்தத் தட்டாலதான் நான் இன்னைக்கு இருக்கேன். முழுசா இருந்த எதையும் அன்னைக்கு என்னால பார்த்திருக்கவே முடியாது."



"நடுவுல கிடக்கறது என்னோடது" என்றாள் ஸெனியா. பிறகு, "உன்னோடது எங்க?" என்று கேட்டாள்.

"நான் எப்பவும் வெங்காயம் மட்டும்தானே நறுக்கினேன்."

"அதான பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்து நீயும் நாலு உடை."

 கொலீன் தலையை ஆட்டினாள். ஸெனியா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓவியத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கையை நீட்டி, நடுவில் பிளந்திருந்த வாயை மூடுவதுபோல, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காற்றைக் கிள்ளிக்கொண்டே போனாள். ஓவியத்தைத் தொட்டுவிடுவாளோ என்று கண்காட்சிக் காவலாள் ஓரடி முன்னால் வந்தான். கொலீன் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.