பெட்டியில் மிஞ்சிய இரும்பு

மெக்கானிக்குக்கு ஊரில் வைத்த பெயர் மில்லிமீட்டர். அவரே சம்பாதித்துக்கொண்ட பெயர்தான். எந்த வண்டி வந்தாலும் முதலில் டேப்பை எடுத்து அளப்பார், அளந்ததை யாரும் கேட்காமலேயே சத்தமாகச் சொல்லுவார். பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் பெருமை அடிப்பார். ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். அதனால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அன்று காலை அவர் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்கத் தங்கையின் பழைய பிக்கப் வண்டியோடு மல்லுக்கட்டியதில் குப்பை சேர்ந்து கிடந்தது. தங்கை மலைமேல் இருக்கிற குவாரியிலிருந்து தளக்கல் ஏற்றி வந்து வீடு கட்டுகிறவர்களுக்கு இறக்குகிறவள். குவாரிப் பாதையில் வண்டியின் வயிறு பாறையில் உரசி உரசி, சைலன்சர் இரண்டு தடவை கழன்று விழுந்துவிட்டது. "ரெண்டே இஞ்சு தூக்கிக் குடு அண்ணா, போதும். யானை மாதிரியெல்லாம் நிக்க வேணாம்" என்று கேட்டிருந்தாள்.

அதற்கான சாமான்கள் ஒரே பெட்டியில் வந்தன. முன்னால் புது ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங் பட்டைக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் வைக்க இரும்புக் கட்டை, நீளமான ஷாக் அப்சார்பர் நாலு. எல்லாவற்றையும் மாட்டினார். நாலு மூலையிலும் அளந்தார். காலி வண்டியை மூன்று தெரு ஓட்டிப் பார்த்து, "போ, இனிமே பாறைதான் உன்னைப் பார்த்து ஒதுங்கும்" என்று அனுப்பிவைத்தார். கூட வந்த செய்முறைத் தாளைப் பிரிக்கக்கூட இல்லை. அவருக்கா தாள்?

இப்போது அந்தக் காலிப் பெட்டியை மடக்கப் போனபோது அடி அட்டைக்குக் கீழே ஏதோ நெருடியது. கிழித்துப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே விரல் நீளத்துக்கு, இரண்டு ஓட்டை போட்ட, வளைந்த இரும்புத் துண்டு.

"உபரி போல" என்றார் தனக்குத் தானே. சொன்ன வாய் மூடுவதற்குள் அது எங்கே போக வேண்டிய துண்டு என்று புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வண்டியில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரங்களுக்கு முழு பிரேக் கிடைக்கும். வண்டி காலியாக இருந்தால் குறைவாகக் கிடைக்கும். வண்டியை இரண்டு இஞ்சு தூக்கினால் இந்தத் துண்டை வைத்துக் கம்பியின் நுனியையும் இரண்டு இஞ்சு தூக்க வேண்டும். தூக்காவிட்டால், மேலே ஒரு டன் கல் இருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பேருக்குத்தான் பிடிக்கும். அந்த வண்டியில்தான் தங்கை இன்று மலையிறங்குகிறாள்.

அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்து அவள் புருஷனுக்குப் போட்டார். குவாரி வாசலில் எடை போடுகிற ஆள் அவர்.

"மாப்ள, தங்கச்சி அங்க இருக்காளா?"

"இப்பத்தான் லோடு ஏத்திட்டுக் கிளம்பினா மச்சான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பைக்ல போய் நிறுத்தட்டுமா? என்ன விஷயம்?"

இந்த இடத்தில் அந்த மனிதர் செய்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 'ஒரு சாமானை மாட்ட மறந்துட்டேன், அவளை நிறுத்துங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரி தொண்டையைத் தாண்டவில்லை. மில்லிமீட்டராம், மறந்துவிட்டாராம், அதை மாப்பிள்ளையிடம் சொல்வதா!

"ஒண்ணுமில்ல மாப்ள, சும்மாத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

வைத்த மறு நொடி தலையில் அடித்துக்கொண்டார். பாழாய்ப்போன வாய்! மறுபடி போட்டால் லைன் கிடைக்கவில்லை. துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்பானரை அள்ளிக்கொண்டு, ஸ்கூட்டரில் மலையேறினார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் கேட்கவில்லை.

பாதி மலையில் கூட்டம் தெரிந்தது. வண்டி மலைப் பக்கத்து மண்மேட்டில் மூக்கைப் புதைத்து நின்றது. தளக்கல் சரிந்து ரோடு முழுக்க உடைந்து கிடந்தது. தங்கை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீங்கியிருந்தது. ஆனால் உயிரோடு இருந்தாள். மில்லிமீட்டருக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடத் தெரியவில்லை. அது விழுந்தது, அவர் கண்டுகொள்ளாமல் ஓடினார்.

ஒரு லாரி டிரைவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "இறக்கத்துல எப்படி மிதிக்கணும்னு தெரியாதவங்க கையில எதுக்குய்யா வண்டியக் குடுக்கறீங்க?"

செய்தி கேட்டு மேலேயிருந்து வந்த புருஷன், சாவியைக் கையில் வைத்திருந்தார். "போதும்மா. இனிமே நீ ஓட்ட வேணாம். ஆள் போட்டுக்கலாம்."

"ஆமாங்க, என் கால்லதான் ஏதோ தப்பு" என்றாள் அவள். "மொத வளைவுலயே பிரேக் ஒரு மாதிரி இருந்துச்சு. வேற யாராவது வேலை பாத்திருந்தா அங்கேயே ஓரம் கட்டியிருப்பேன். அண்ணன் பாத்த வண்டியில தப்பு வராதே, நமக்குத்தான் பழகலன்னு இன்னும் அழுத்தி மிதிச்சுக்கிட்டே வந்தேன்."

 மறந்தது ஒரு துண்டு இரும்பைத்தான் என்று மில்லிமீட்டர் இவ்வளவு நேரம் நினைத்திருந்தார். முதல் வளைவில் நின்றிருக்க வேண்டியவளை இத்தனை தூரம் இழுத்து வந்தது, அவர் அடித்த பெருமையல்லவா?

பையிலிருந்ததை எடுத்து நீட்டினார். "அவ கால்ல தப்பில்ல. இத நான் மாட்டல. இது இல்லாம லோடு ஏத்தினா பின் பிரேக் பிடிக்காது. தப்பு என்னுது."

 புருஷன் அந்தத் துண்டையும் மச்சான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன்ல சும்மான்னு சொன்னீங்களே மச்சான்? அப்பவே பைக்க எடுத்திருந்தா ரெண்டாவது வளைவுல பிடிச்சிருப்பேனே."

 

தங்கை எழுந்தாள். புருஷன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். அண்ணன் திட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், நாலு அறை விட்டாலும் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. அவள் திட்டவில்லை. வண்டியை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை.

"வேற எதையாவது விட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். முன் சக்கரத்திலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக மனசுக்குள் தொட்டுக்கொண்டே போனார். எதை முறுக்கினோம், எதை அப்புறம் என்று விட்டோம், ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றார்.