இடது பக்கத்து மரை

அண்ணன் வேனை வெயிலில் நிறுத்திவிட்டு யாரோடோ அரட்டை அடிக்கப் போய்விட்டான். உள்ளே தங்கை விற்பதற்காக ஏற்றிய நாற்பது பூச்செடிகள். அவன் வருவதற்குள் அத்தனையும் அவித்த கீரையாகிவிட்டன. செடிதானே, மறுபடி முளைக்கும் என்றான்.

இனி இவன் வண்டிக்காகக் கையேந்துவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள். ராணுவத்தில் கழித்துப்போட்ட சாமான்களின் ஏலத்தில் இரண்டு சக்கரச் சரக்கு டிரெய்லர் ஒன்றை எடுத்தாள். கார் அவளிடம் இருந்தது. பின்னால் மாட்டி இழுக்கத்தான் ஒன்று வேண்டும். டிரெய்லரின் அடித்தகடு சல்லடை. சக்கரங்கள் துருவில் ஒட்டிக் கிடந்தன. அவளோ அதுவரை ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை.

ஒரே மதிலுக்குள் முன்பக்கம் அண்ணனின் மெக்கானிக் பட்டறை, பின்பக்கம் அவளுடைய செடிகள். டிரெய்லர் வந்த அன்றே அவன் கருவிப் பெட்டியைப் பூட்டினான். வண்டியை விட வருகிறவர்களிடமெல்லாம், தங்கச்சிக்கு மரை கழண்டுடுச்சு என்று சொல்லிச் சிரித்தான். அவள் காதில் விழும்படிதான் சொன்னான்.

ஒரு மாதம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். மக்கிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் போல்ட் போட்டு முடுக்கினாள். வலது சக்கரம் கழன்றது. இடதுதான் உயிரை வாங்கியது. கடையில் வாங்கிய ஸ்பானரில் குழாயைச் சொருகி ஏறி நின்றாள், போல்ட் முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. மூன்றாவது முறிந்தபோது கை மட்கார்டில் இடித்து, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. பட்டறை வாசலில் அண்ணன் டீ குடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

மறுநாள் துணி காயப்போட வந்த அண்ணி அவளைப் பார்க்காமலே சொன்னாள். "இடது பக்கம் எதிர் மரையாம். முடுக்குற பக்கம் திருப்பினாத்தான் கழலுமாம். நேத்து சாப்பிடும்போது அவரே சொல்லிச் சிரிச்சாரு."

அவள் போல்ட்டின் முனையைச் சுரண்டிப் பார்த்தாள். துருவுக்கடியில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து. மிச்சம் இரண்டும் பதவிசாகக் கழன்றன. நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"கையில ரத்தம் வந்ததைப் பார்த்துக்கிட்டுதானே நின்ன?"

"பட்டாத்தான் சிலருக்குப் புத்தி வரும்," என்றான், என்ஜினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. பழைய சாமான் கடைகளில் அலைந்து எதிர் மரை போல்ட்டுகள் வாங்கினாள். பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்தாள். விளக்குக்கு ஒயர் இழுத்து, பச்சைப் பெயின்ட் அடித்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

முதல் முறையாக டிரெய்லரில் செடிகளை ஏற்றிவிட்டுப் பார்த்தால், மதில் வாசலில் பாதியை அடைத்தபடி அண்ணனின் வேன். அவள் கார் வெளியே தெருவில். நகர்த்தச் சொல்ல அண்ணி உள்ளே போனாள். குளிக்கிறானாம், காத்திருக்கணுமாம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் டிரெய்லரின் முன்கம்பியைப் பிடித்துத் தானே இழுத்தாள். லேசாக உருண்டது. மதிலுக்கும் வேனுக்கும் நடுவே டிரெய்லர் போக இடம் போதவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. நிறுத்தவில்லை. மட்கார்டு வேனின் கதவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கீறிக்கொண்டு போனது. சத்தம் கேட்டு அண்ணன் ஈரத் துண்டோடு ஓடி வந்தான். அவள் காரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் பெற்றவர்களையும் இழுத்து வைதான். டிரெய்லரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்ட அண்ணி கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.