திருப்பி எடுத்த யோசனை

சுவரோரத்து ரேக்கிலிருந்து கிளிப் டிரேயை எடுத்துக்கொண்டு முனிலட்சுமி திரும்பினாள். போக நாற்பது தப்படி, வர நாற்பது தப்படி. கார் கதவுக்குள் ஓடும் வயர்களைக் கட்டித் தரும் அந்தக் கம்பெனியின் மூன்றாம் லைனில் பதினாலு பெண்கள். ஷிப்டுக்கு நூறு தடவையாவது ஒவ்வொருத்தியும் அந்த ரேக்குக்குப் போய்வர வேண்டும். சாயங்காலம் சூளகிரி பஸ்ஸில் ஏறும்போது முனிலட்சுமிக்கு முழங்கால் மடங்காது. கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கித்தான் படியேறுவாள்.

ரேக்கைக் கிட்டே வைக்கலாமே என்று பழைய மேனேஜரிடம் ஒருமுறை சொன்னாள். "வேலைக்கு வந்தியா, யோசனை சொல்ல வந்தியா?" என்றார் அவர். அத்தோடு விட்டாள்.

புதிதாக வந்த பிரதாப் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வந்த முதல் சனிக்கிழமையே லைனை அரைமணி நிறுத்தி, கேன்டீன் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

"வாராவாரம் இப்படிப் பேசுவோம். வேலைய எப்படி நடத்தணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

இரண்டு வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் முனிலட்சுமி எழுந்தாள்.

"உக்காந்தே சொல்லுங்கம்மா."

"அந்த ரேக்க நடுவுல கொண்டாந்து வச்சா கைக்கு எட்டும் சார். நடந்து நடந்து காலு போவுது."

புதன்கிழமை ரேக் நடுவில் நின்றது. பிரதாப் கைதட்டச் சொன்னார். முனிலட்சுமியின் படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. பஸ்ஸில் ரங்கம்மா அவள் தோளில் இடித்துச் சிரித்தாள். "உன்னால என் காலு பொழச்சுது லட்சுமி."

ஒரு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் ரங்கம்மாவின் கார்டை மெஷின் எடுக்கவில்லை. பாப்பம்மாவின் கார்டையும், சத்யப்ரியாவின் கார்டையும் எடுக்கவில்லை. மூன்று பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். "லிஸ்ட்ல பேரில்ல, ஓரமா நில்லுங்க" என்றான் செக்யூரிட்டி. டிபன் பையோடு மூவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"உள்ள கேட்டுப் பாரு லட்சுமி. உன் பேச்சத்தான் கேக்கறாங்களே" என்றாள் ரங்கம்மா.

முனிலட்சுமி நேரே பிரதாப்பின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"மேல முடிவு பண்ணிட்டாங்கம்மா. நடக்கிற நேரம் மிச்சமாச்சுல்லா, பதினோரு பேர் போதும்னுட்டாங்க. நானும் சொல்லிப் பாத்தேன்."

"கால் வலிக்குதுன்னுதானே சார் சொன்னேன்."

அன்று சாயங்காலம் ரங்கம்மாவின் வீட்டுவரை போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள் முனிலட்சுமி. ரங்கம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீ சாப்டியா?" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வட்டத்தில் பதினோரு நாற்காலிதான் கிடந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. புதிதாக ஏதாவது யோசனை உண்டா என்று பிரதாப் கேட்டார். முனிலட்சுமி எழுந்தாள்.

"உக்காந்தே..."

"நின்னுக்கறேன் சார். நான் குடுத்த யோசனைய திருப்பி எடுத்துக்கறேன்."

"அது எப்படிம்மா முடியும்?"

"வேலைய எப்படி நடத்தணும்னு எங்களுக்குத்தான் தெரியும்னீங்க. எத்தன பேரு வேணும்னும் எங்களுக்குத் தெரியும். பதினாலு பேரு. அத மட்டும் இன்னாத்துக்கு எங்கள கேக்கல?"

"அது இங்க பேசற விஷயமில்ல."

"அப்ப இங்க எங்களுக்குப் பேச ஒண்ணுமில்ல."

அவள் ரேக்கிடம் போய்ச் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டுத் தள்ளினாள். அசையவில்லை. தமிழ்செல்வி வந்து கைகொடுத்தாள். பின்னாலேயே மாதேஸ்வரி வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் வந்தார்கள். கடகடவென்று ரேக் நகர்ந்தது. பிரதாப் குறுக்கே வந்து நின்றார்.

"விடுங்கம்மா. மேல நான்தான் பதில் சொல்லணும்."

"எங்களக் கூப்புட்டுகினு போங்க சார். நாங்களே சொல்றோம்."

பிரதாப் ஒதுங்கி வழிவிட்டார். ரேக் பழையபடி சுவரோரம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை அவர்கள் வரும்போது ரேக் மறுபடியும் நடுவில் இருந்தது. சக்கரங்களைக் கழற்றி, தரையில் துளைபோட்டு நான்கு போல்ட் இறக்கியிருந்தார்கள். அதன் பக்கத்தில் மெயின்டனன்ஸ் மாதேஷ் குந்தி உட்கார்ந்து, தகட்டுக் கரண்டியால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். லைனில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் மஞ்சள் பாத அடையாளங்கள் ஒட்டியிருக்கும். அதில் ஒன்றின் குதிகால் உரிந்து சுருண்டிருந்தது.

"மாதேஷண்ணா, இன்னா பண்ற?"

"பதினோரு ஜோடி போதுமாம். மூணு ஜோடிய எடுக்கச் சொல்லிட்டாங்க."

முனிலட்சுமி செருப்பைக் கழற்றினாள். உரிந்த குதிகாலின்மேல் தன் குதிகாலை வைத்து அழுத்தி நின்றாள்.

"இது ரங்கம்மாக்கா எடம்."

"உன் எடத்துல போய் நில்லு தாயே. எனக்குல்ல திட்டு விழும்."

"இங்க ஆள் நிக்குது, சுரண்ட முடியலன்னு போய்ச் சொல்லு."

தமிழ்செல்வி வந்து பாப்பம்மாவின் அடையாளத்தின்மேல் நின்றாள். சத்யப்ரியாவின் இடத்தில் மாதேஸ்வரி ஏறி நின்றாள். சங்கு ஊதியது. பெல்ட் ஓட ஆரம்பித்தது. அந்த மூவரும் விட்டுவந்த அவரவர் இடங்களைத் தாண்டி, யார் கையும் படாத வயர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மாதேஷ் கரண்டியைக் கையில் பிடித்தபடி, முனிலட்சுமி காலை எடுப்பாள் என்று குந்தியே உட்கார்ந்திருந்தார்.