பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சம்பளம்

கிண்ணத்தில் மெனூதோ ஆறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடல் சூப் என்றால் முதல் ஆளாக வந்து உட்காருகிற உபால்தோ, அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே தாளையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி யாதிராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எலுமிச்சம்பழம் நறுக்கினாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, நறுக்கியதை வேறொரு தட்டுக்கு மாற்றினாள். வெளியே ஏப்ரல் மாதக் காற்று மெக்சிகோவின் எல்லை ஊரான ஹுவாரெஸின் புழுதியை எல்லாம் வாரி வந்து ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆக, நாலு வருஷமா நீ கன்னிப் பொண்ணு" என்றான்.

இந்த இடம் வரும் என்று அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். தெரிந்தேதான் இரண்டு நாள் வரித் தாள்களைப் பைக்குள்ளேயே வைத்திருந்து, கிளம்புகிற அன்றைக்கு எடுத்து நீட்டினாள். கோழை என்று தன்னைத் திட்டிக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வாழ்க்கை வாரக் கடைசிகளில்தான் நடந்தது. அவள் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் எல் பாசோவில் பிறந்தவள், அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவன் இங்கே, கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில். வெள்ளிக்கிழமை மாலை பாலம் ஏறி அவள் வருவாள், ஞாயிறு திரும்பிப் போவாள். அவனுக்கு விசா கிடையாது. வக்கீல் பிடித்து, மனுப் போட்டு, இப்போதுதான் ஜூன் மாதத்தில் தூதரக நேர்காணல் என்று தேதி வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போட்ட வரிக் கணக்கு இருந்தால் கல்யாணம் நிஜம் என்பதற்கு நல்ல சாட்சி, கொண்டு வாருங்கள் என்று வக்கீல் சொன்னபோதுதான் அவள் கணக்கு எழுதுகிறவளிடம் ஓடினாள்.

அவள் தெருவில் முடி வெட்டும் கடையின் பின்பாதியில் செலியாதான் எல்லாருக்கும் வரிக் கணக்கு எழுதுவாள். பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்துவிட்டுச் செலியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டி, எல்லா வருஷமும் கல்யாணம் ஆகாதவன்னு இல்ல இருக்கு?"

"நீங்கதானக்கா போட்டீங்க."

"நான் போட்டேன். கையெழுத்து யாரு போட்டா?"

உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேர் கதை இதுதான். புருஷனோ பெண்டாட்டியோ பாலம் தாண்டி மெக்சிகோவில் இருந்தால் காகிதத்தில் இவர்கள் தனியாள். பேசோவில் வாங்கி பேசோவில் செலவழிகிற சம்பளத்துக்கும் அமெரிக்க அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, தூதரகம் என்ற பேச்சு வரும்வரை. செலியா பாவம், ராத்திரி பகலாகப் புத்தகம் புரட்டி வழி கண்டுபிடித்தாள். இந்த வருஷக் கணக்கைச் சேர்த்துப் போடலாம், பழையதில் திருத்த முடிந்ததைத் திருத்தலாம். ஆனால் அவனுடைய சம்பளம் முழுவதையும் டாலரில் மாற்றிக் காட்ட வேண்டும். வரிக்கு என்னை அமெரிக்காவில் குடியிருப்பவனாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் அவன் மனைவியோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீல் கேட்கிறார் என்று மட்டும் சொல்லி, போனில் யாதிரா அவனிடம் சம்பள விவரம் வாங்கியிருந்தாள். அவன் கிறிஸ்துமஸ் போனஸ் வரை விடாமல், கொஞ்சம் பெருமையாகவே படித்துச் சொன்னான். அது இப்போது அவன் கண் முன்னால் டாலராகி, ஒரு சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

"என் வருஷம் முழுசும் இவ்ளோதானா?"

"அதுக்கு வரி எதுவும் வராதாம் உபா. இங்க கட்டினத கழிச்சுக்குவாங்களாம்."

"வரி போடற அளவுக்குக்கூடத் தேறல." சிரித்தான். அவன் கத்தியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். "சரி விடு. வெள்ளிக்கிழமையானா என் கட்டில்ல வந்து தூங்குறாளே, அவ யாரு? அவகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டியா?"

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாரையுமா நான் கட்டிக்கிட்டேன்?"

யாதிராவுக்குச் சுருக்கென்றது. அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம் வந்தது.

"நீ வருவேன்னு எனக்கு நம்பிக்கை இல்ல உபா. போதுமா? மொத வருஷம் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன், அப்புறம்னே. அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ஆக்கறாங்க, அத விட்டுட்டு வந்து அங்க மூட்டை தூக்கவான்னே. நேர்காணல் தேதி வந்துச்சுன்னு போன் பண்ணேன், ம்னு சொன்னே. வரேன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உன் வாயால சொல்லியிருக்கியா?"

அவன் தாளை மேஜைமேல் வைத்தான். பிறகு கிண்ணத்தை இழுத்து, ஆறிப்போன சூப்பை வேக வேகமாகக் குடித்தான்.

"வரிசை நீண்டுடும். கிளம்பு" என்றான்.

தாள்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். பாலம் வரை இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். கட்டணக் கதவருகே அவன் நின்றுவிடுவான் என்றே எதிர்பார்த்தாள். எப்போதும் தனக்கும் காசு போட்டுக்கொண்டு பாலத்தின் நடுவில் எல்லைத் தகடு பதித்திருக்கும் இடம் வரை வந்து, அங்கே அவள் நெற்றியில் முத்தமிட்டுத் திரும்புவது அவன் வழக்கம். இன்றும் காசு போட்டான். ஆனால் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. கீழே சிமெண்ட் கால்வாயில் ஆறு என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ கொஞ்சம் ஓடியது.

தகட்டுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கச் சீருடைக்காரர்கள் இரண்டு பேர் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து அவள் முறை நெருங்கியது. இவன் இப்படியே திரும்பிப் போய்விடப் போகிறான், அடுத்த வெள்ளிக்கிழமை நான் எந்த முகத்தோடு இந்தப் பாலம் ஏறுவேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கையை நீட்டினான்.

"அந்தத் தாள எடு."

"எது?"

"என்ன அங்க குடியிருக்கறவனா வெச்சுக்கணும்னு எழுதியிருக்கே, அது."

எடுத்துக் கொடுத்தாள். காற்று பிடுங்கப் பார்த்தது. தாளை வைத்து எழுத அங்கே கம்பி வலையைத் தவிர ஒன்றும் இல்லை.

"திரும்பி நில்லு" என்றான்.

அவள் திரும்பினாள். தாளை அவள் முதுகில் வைத்து ஒரு உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். அவன் கை சூடாக இருந்தது. அவன் கையெழுத்தைக் கல்யாணப் பதிவேட்டில் பார்த்திருக்கிறாள். முதல் எழுத்தான U கிணற்று வாளிபோலப் பெரிதாக இறங்கி ஏறும், மற்றதெல்லாம் அதன் பின்னால் பொடியாக ஓடும். பேனா சட்டைக்கு மேலே இறங்குவது தெரிந்தது. அடியில் வளைந்தது. ஏறியது.

அங்கேயே நின்றது. பொடி எழுத்துகள் வரவில்லை.

"சீக்கிரம்ப்பா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். முன்னால் சீருடைக்காரன் அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

"உபா..."

"ஆடாத."

பேனா முனை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே குத்தியபடி அசையாமல் இருந்தது. யாதிரா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.