பட்டைக்குள் கஞ்சி

எங்கள் ஊருக்கு ரொட்டி வண்டி செவ்வாயும் வெள்ளியும் வரும். வோலக்தா நகரத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர், அதில் பாதி சேறு. அதனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று பேசிக்கொண்டிருப்பதுதான் வழி. அந்த வரிசையில் வெனியமீன் லூக்கிச் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் விறகில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். முப்பது வருடம் காட்டில் மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டியவர். பூர்ச்ச மரத்தைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இருந்தால் அது அந்த மரத்துக்கே தெரியாது என்பது அவர் எண்ணம்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ரொதியோன் ஆறு வருடத்துக்கு முன் அவருடைய பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்தான். வந்த கையோடு ஒரு லாரி பூர்ச்சங்கட்டை இறக்கினான். உருளை உருளையாக அறுத்து, அணிவகுப்புக்கு நிற்கும் சிப்பாய்களைப் போல் அடுக்கினான். பிளக்க மட்டும் செய்யவில்லை. அந்த மரத்தின் வெள்ளைப் பட்டை அழகுதான். ஆனால் உள்ளிருக்கும் ஈரத்தை ஒரு சொட்டு வெளியே விடாது. முதல் கோடையிலேயே பிளந்து காற்றுக் காட்டாவிட்டால் உள்ளேயே புழுங்கிச் சாகும். ‘மரம் மூச்சடைச்சுப் போச்சு’ என்போம்.

இரண்டு வருடம் கழித்து ரொதியோன் முதல் கட்டையைப் பிளந்தபோது லூக்கிச் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். அழைக்காமலே உள்ளே போனார். கட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டார். இரண்டாம் கணு வரை போயிற்று.

“கஞ்சி” என்றார். “கொஞ்சம் வெண்ணெய் போட்டா சாப்பிடலாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ரொதியோனுக்கு ஊரில் அதுதான் பெயர். தபால்காரி வரைக்கும் ‘கஞ்சி வீடு’ என்றுதான் சொன்னாள். ரொதியோன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ரொட்டி வாங்க மட்டும் வரிசை கலைந்த பிறகு வருவான்.

இது இப்படி இருக்க, போன வருடம் மே மாதம் லூக்கிச்சின் வீட்டிலும் ஒரு லாரி கட்டை இறங்கியது. முதல்தரமான மரம். அவரே உருளைகளைத் தெருவைப் பார்த்தாற்போல் அடுக்கினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். பிளக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்கு முந்திய பனிக்காலத்தில் கூரையில் பனி தள்ளப் போய் விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கோடரியைத் தூக்குவார், அது பாதியில் நின்று அவரையே பார்க்கும். இது ஊருக்குத் தெரியாது. அவர் மனைவி ஃபைனாவுக்குத் தெரியும், தினமும் அவர் சட்டைக்குள் கையை நுழைத்துவிடுவது அவள்தானே.

நகரத்திலிருந்த மகன் கிளெப் தொலைபேசியில் சொன்னான்: அப்பா கோடரியைத் தொடவே வேண்டாம், நண்பனிடம் விறகு பிளக்கும் இயந்திரம் இருக்கிறது, ஜூனில் கொண்டுவருகிறேன், ஒரே நாள் வேலை. லூக்கிச் அன்றே வரிசையில் அறிவித்துவிட்டார். “என் பையன் மெஷின் கொண்டு வர்றான். பட்டனைத் தட்டினா கட்டை தானா ரெண்டா விழும். நான் நாற்காலி போட்டு டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன்.”

ஜூன் போயிற்று. ஜூலையில் கிளெப்புக்கு வேலை. ஆகஸ்டில் இயந்திரம் வேறு யாரிடமோ. கிளெப் வரவில்லை, ஆனால் கட்டை நனையாமல் இருக்க ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் அனுப்பினான். லூக்கிச் அதைப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார். மூச்சு விடத் தவித்துக்கொண்டிருந்த மரத்துக்குத் தலையணையும் வைத்து அழுத்தியாயிற்று. அடுத்தவன் மரமாயிருந்தால் தார்ப்பாயின் முதல் முடிச்சிலேயே கத்தியிருப்பார்.

அந்தக் குளிர்காலம் பழைய விறகில் ஓடியது. மார்ச் நடுவில் அது தீர்ந்தது. கடைசி மூன்று வாரம் வேலியின் அழுகிய பலகைகளையும் ஈரக் கிளைகளையும் எரித்தார்கள். ஃபைனாவுக்கு நிமோனியா வந்து பதினெட்டு நாள் மாவட்ட மருத்துவமனையில் கிடந்தாள். திரும்பி வந்த அன்று அறையைச் சூடாக்கும் செங்கல் அடுப்பின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

“வென்யா, இன்னொரு தடவை இப்படின்னா நான் கிளெப் வீட்டுக்குப் போயிடுவேன். கோபத்துல சொல்லல. என் நுரையீரல் தாங்காது.”

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. முப்பத்தொன்பது வருடத்தில் லூக்கிச் பேசிய பேச்சில் ஆயிரத்தில் ஒன்றுக்கு அவள் பதில் சொல்லியிருப்பாள். சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

இந்த வருடம் ஜூனிலும் கிளெப் ‘அடுத்த வாரம்’ என்றான். ஜூலையில் ஃபைனா மெல்ல, பக்கத்து வீட்டு ரொதியோனைக் கேட்டால் என்ன என்றாள். நல்ல கை இரண்டு வைத்திருக்கிறான், நாலு நாளில் முடித்துவிடுவான்.

லூக்கிச்சுக்கு ஒரு நொடி கேட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. “கஞ்சி காய்ச்சுறவனைக் கூப்பிட்டு விறகு பிளக்கச் சொல்லவா? ஊர் சிரிக்கும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

கிளெப் அக்டோபர் முதல் சனிக்கிழமை வந்தான், காருக்குப் பின்னால் இயந்திரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு. லூக்கிச் உண்மையாகவே நாற்காலி போட்டார். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். வேலியருகே ரொதியோனும் நின்றான். தார்ப்பாயை அவிழ்த்தார்கள், உருளைகள் இறக்கிய அன்று போலவே வெள்ளை வெளேரென்று இருந்தன.

பூர்ச்சங்கட்டை பிளந்தால் ‘டணார்’ என்று கேட்க வேண்டும். நல்ல கட்டையின் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கிளெப் முதல் உருளையை வைத்துப் பட்டனைத் தட்டினான். ஆப்பு உள்ளே போயிற்று. சத்தமே இல்லை. அவித்த உருளைக்கிழங்கில் கரண்டி போவது போல் போயிற்று.

லூக்கிச் எழுந்தார். கிளெப் இரண்டாவதை வைத்தான், பிறகு அடியிலிருந்து ஒன்றை, நடுவிலிருந்து ஒன்றை. பத்தாவதுக்குப் பிறகு இயந்திரத்தை நிறுத்தினான்.

“வெளியில எல்லாம் நல்லாத்தானேப்பா இருக்கு?” என்றான். நகரத்துப் பிள்ளை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லவேண்டியவர் ரொட்டி வரிசையில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லூக்கிச் ரொதியோனைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லை அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஒன்று சொல்லி, சண்டை போட்டு, எப்படியோ நிமிர்ந்திருப்பார். அவன் சொல்லவில்லை.

“லூக்கிச் அண்ணே, போன மாசம் உங்க தார்ப்பாய்க்கு அடியில தரையோரமா காளான் மொளைச்சிருந்துச்சு. சொல்லணும்னு நெனச்சேன்” என்றான். பிறகு, “சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க” என்று முடித்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

லூக்கிச் ஒரு பிளவுக்குள் விரலை விட்டார். இரண்டாம் கணுவைத் தாண்டியது. “ஃபைனா, வெண்ணெய் கொண்டு வா” என்றார். தெருவில் நின்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கலைந்தார்கள்.

ஃபைனா வெண்ணெய் கொண்டுவரவில்லை. பெட்டி எடுத்துவந்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முட்டைக்கோஸ் ஊறுகாய் எந்த ஜாடியில் இருக்கிறது, தோள் தைலம் எங்கே என்று சொல்லிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் உடன் வரலாமே என்று கிளெப் ஒரு தடவை கேட்டான். நாய் இருக்கிறதே என்றார் லூக்கிச். அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இரண்டு அறை வீடு, குழந்தைகள் வேறு.

“உன் கம்பளி பூட்ஸ்?” என்று ஃபைனாவைக் கேட்டார்.

“அங்க எதுக்கு? அங்க தரையே சுடுமாம்.”

சொல்லிவிட்டு அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். கார் போனது; இயந்திரம் பின்னால் துள்ளிக்கொண்டே போனது.

மாலையில் வேலியோரம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். பிளந்த பூர்ச்ச விறகு, நன்றாகக் காய்ந்தது, பத்துப் பதினைந்து துண்டு. ரொதியோன் மறுபக்கத்திலிருந்து எறிந்துகொண்டிருந்தான். அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவன் எந்த மரத்தையும் பிளக்காமல் முதல் மே மாதம் தாண்ட விட்டதில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரை யாரும் மாற்றவில்லை.

லூக்கிச் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு இந்தத் தடவை முந்தவில்லை. அதற்குள் அவன் போய்விட்டான்.

விறகை இடது கையில் நாலு தடவையாக உள்ளே கொண்டுபோனார். செத்த கட்டை ஒன்றிலிருந்து பட்டையை உரித்தார்; காகிதம் போல முழுசாக வந்தது. உள்ளே எல்லாம் கஞ்சியானாலும் அந்தப் பட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, ஈரத்திலும் பற்றும். அவர் சாகிற வரை அடுப்புப் பற்றவைக்கப் போதுமான பட்டை முற்றத்தில் இருந்தது.

பற்றவைத்தார். அறை சூடாகத் தொடங்கியது. அடுப்பருகே ஃபைனாவின் பூட்ஸ் இரண்டும் உலர வைத்தது போல் நின்றன. அவற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், கருகிவிடக் கூடாதே என்று.